ஓட்டிப் பார்க்காத பெட்டி

பெலிக்ஸின் மேசைமேல் இரண்டு ரிப்பீட்டர் பெட்டிகள் இருந்தன. தீயணைக்கப் போகிறவர்கள் அடித்தளத்துக்குள் இறங்கிவிட்டால் அவர்களுடைய வாக்கி டாக்கி முனகத்தான் செய்யும். அந்த முனகலை வாங்கி உரக்க வெளியே அனுப்புவதும், வெளியே சொல்வதை உள்ளே கொண்டுசேர்ப்பதும் இந்தப் பெட்டியின் வேலை. தீயணைப்புத் துறையின் புது மீட்பு வண்டியில் பொருத்த ஒன்றை அவன் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒன்று வண்டிக்கென்றே செய்தது. குலுக்கல் தாங்கும், ஆனால் வந்துசேர மாதமாகும். மற்றது கட்டடத்தில் அசையாமல் உட்காரும் ரகம், நாளைக்கே கிடைக்கும். விதிப்படி இரண்டையும் வண்டியில் கட்டி, இரண்டு நாள் தெருத்தெருவாக ஓட்டிவிட்டுத்தான் பேசிப் பார்க்க வேண்டும்.

"நாப்பத்தஞ்சு டிகிரி வெயில்ல யார் சார் அலையறது?" என்றான் பெலிக்ஸ்.

"அச்சா, இங்கயே பாத்துடு. வெள்ளிக்கிழமை மினிஸ்டர் கொடியசைக்க வர்றார். ஜல்தி!" என்றார் மேலதிகாரி மகாதேவன்.

ஏ.சி. அறையில் இரண்டுமே கணீரென்று பேசின. நாளைக்கே கிடைக்கும் பெட்டிக்கு, 'ஓட்டிப் பார்த்தோம், நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான் பெலிக்ஸ். கெட்டவன் இல்லை, பாவி. ஒருவரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடித்தவன் இல்லை. ஒரு வரிதானே என்று நினைத்துவிட்டான்.

அடுத்த மாதமே ஒரு துணிக் கிடங்கின் அடித்தளத்தில் தீ. பெலிக்ஸோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த பிரதீப்தான் உள்ளே இறங்கினான். கூரை விரிசல் விடுவதைக் கண்டு வெளியிலிருந்தவர்கள், "வெளிய வா பிரதீப்!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். வண்டியிலிருந்த பெட்டி வாய் திறக்கவில்லை. காலையில் பேசிய பெட்டிதான். குண்டும் குழியுமான சாலையில் விரைந்து வந்ததில் உள்ளே இணைப்பு விட்டிருந்தது. கூரை இடிந்து விழுந்தபின் பிரதீப்பைப் பிணமாகத்தான் தூக்கி வந்தார்கள்.

பதினாறாம் நாள் கழிந்து, மயூர் விஹாரில் பிரதீப்பின் வீட்டுக்குப் போனான் பெலிக்ஸ். அவன் மனைவி பிரபா, விபத்து விசாரணைக்காகத் துறை அனுப்பியிருந்த ஒரு காகிதத்தை நீட்டினாள்.

"கூப்பிட்டும் அவர் வரலைன்னு எழுதியிருக்காங்க அண்ணே. அப்பா ஏன் சொன்ன பேச்சு கேக்கலைன்னு பொண்ணு கேக்கறா. நான் என்ன சொல்லட்டும்?"

பேசாமல் இருந்தால் பெலிக்ஸின் வேலை போகாது. பழி பிரதீப்பின் தலையில் நிற்கும்.

"அவனுக்குக் கேக்கவே இல்லம்மா," என்று உடைந்து அழுதான். "ஓட்டிப் பாக்காமலே பாத்தேன்னு எழுதினேன். நாளைக்கு விசாரணைல சொல்லிடறேன். சத்தியமா ஒரு பைசா லஞ்சம் வாங்கலம்மா..."

பிரபா அந்தக் காகிதத்தை மடித்தாள்.

"காசு வாங்கினாத்தான் லஞ்சமா அண்ணே? ரெண்டு நாள் வெயில்ல அலையாம இருந்தீங்களே, அதுதான் நீங்க வாங்கினது. பாக்காததைப் பாத்தேன்னு போடற கையெழுத்து, யாரோ ஒருத்தர் உசுரு மேலதான் போய் விழும்."