காருக்குச் சொன்ன நட்சத்திரம்

“எனக்க பேரையும் நட்சத்திரத்தையும் எதுக்குட்டி அந்தப் போற்றிகிட்டச் சொன்ன?”

“பூசைக்குக் கேட்டாரு, சொன்னேன். உங்களுக்கு அனுஷம்தானே? மாத்தியா சொல்லிட்டேன்?”

“காருட்டி அது! கம்பெனிக்காரனுக்க காரு! அதுக்கு முன்னால நின்னு எனக்க பேருக்கு அர்ச்சனை பண்ணினா, பாத்தவன் என்ன நினைப்பான்?”

“நல்லா இருக்கட்டும்னு நினைப்பான். மெதுவாப் பேசுங்கோ, அடுத்த வீட்டுக்குக் காது நீளம்.”

அடுத்த வீடு எங்கள் வீடுதான். நாகம்மை சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. அவள் தொண்டைக்கு எங்கள் வடிவீஸ்வரத்தில் யாருக்கும் நீளமான காது தேவைப்பட்டதில்லை.

விஷயம் இதுதான். ஐம்பத்துமூன்றாம் வருஷம் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு கம்பெனி நாலு புதுக் கார்களைக் கொண்டுவந்து, நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு நிறுத்தியது. மோட்டார் கண்காட்சி. முதல் நாளே நாகம்மை புருஷன் பொன்னுலிங்கத்தையும் மகள் செல்லக்கனியையும் இழுத்துக்கொண்டு போய்விட்டாள். டிக்கெட் எடுத்த பிறகு எதையும் மிச்சம் வைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. நாலு காரிலும் ஏறி இறங்கினாள். நாலு ஹாரனையும் அமுக்கினாள். டிக்கியைத் திறக்கச் சொல்லி, எத்தனை பலாப்பழம் கொள்ளும் என்று கையை விரித்து அளந்தாள். கம்பெனி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு வேறொருத்தி மாதிரி வந்து இன்னொரு தடவை வாங்கிக் குடித்தாள். அடுக்களைத் தட்டில் விரிக்க நோட்டீஸ் ஒரு கட்டு.

சாயங்காலம் பச்சைக் காருக்குப் பூசை. கோயில் பூசை பண்ணுகிற போற்றி தேங்காயும் சூடமுமாக வந்து வழக்கப்படி, “யாரு பேருக்கு?” என்றார். கம்பெனி ஆள் தேவகுமார் வேதக்காரப் பையன், சர்ச்சுக்குப் போகிறவன். பந்தலின் மேற்கூரையைப் பார்த்தான். கம்பெனிக்கு ஏது நட்சத்திரம்? அந்த இடைவெளியில்தான் நாகம்மை புகுந்தாள். “பொன்னுலிங்கம், அனுஷம்!” ஓசிப் பூசையை வீணாக்குவாளா?

புது வண்டிக்கு முன்னால் யார் பேர் விழுகிறதோ அவர்தான் முதலாளி. நம்மூரில் இதற்குப் பத்திரம் வேண்டாம்.

பொன்னுலிங்கம் கோட்டாற்றில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கிறவர். மறுநாள் கடை முதலாளி எழுந்து நின்று அவரை வரவேற்றாராம். “கார் வச்சிருக்கப்பட்டவருக்கு இந்த வேலை எதுக்கு வேய்?” என்று கேட்டாராம். பேறுகாலத்துக்கு மருமகளைக் கூட்டிப்போக வண்டி வேண்டுமென்று ஒருத்தி வீட்டுக்கே வந்துவிட்டாள். இல்லை இல்லை என்று அவர் தலையை ஆட்ட ஆட்ட, “பெரிய மனுஷன், காட்டிக்க மாட்டாரு” என்று ஊர் மெச்சியது. நானும் ரெண்டு இடத்தில் மெச்சினேன்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. சிரிக்க முடியாதது பூதப்பாண்டியிலிருந்து வந்தது. அங்கே பகவதியப்பன் என்ற வாத்தியாருக்குச் செல்லக்கனியைக் கேட்டு, பெண் பார்த்து, ஜாதகமும் பொருந்தியிருந்தது. இப்போது மாப்பிள்ளையின் தாயார் சொல்லி அனுப்பினாள்: “கார்ல ஏறின பிள்ளை எங்க வீட்டுக் கிணத்துல தண்ணி கோராது. வேற எடம் பாத்துக்கிடுங்கோ.”

செல்லக்கனி அன்று சாப்பிடவில்லை. வாத்தியார் வந்துபோன நாளிலிருந்து ஒரு காரணமுமில்லாமல் மூன்று வேளையும் தலைசீவிக்கொண்டிருந்த பெண், சீப்பைத் தொடவில்லை.

கடைசி நாள் சாயங்காலம் அவளே தாயைக் கண்காட்சிக்குக் கூப்பிட்டாள். “இன்னொரு டிக்கெட்டா? பாத்த காரைத்தானே பாக்கணும்!” என்று நாகம்மை தெரு முழுக்கக் கத்திக்கொண்டு போனாள். நான் சும்மா இருப்பேனா? பின்னாலேயே போனேன்.

அங்கே பார்த்தால், பச்சைக் காரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள் மாப்பிள்ளையின் தாயார். கைவிட்ட சம்பந்தம் எவ்வளவு பெரிது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டுமல்லவா? பக்கத்தில் வாத்தியார், குடையை மடக்கிப் பிடித்தபடி.

கண்காட்சி முடிகிற பூசைக்குப் போற்றி சூடத்தை ஏற்றினார். “யாரு பேருக்கு?”

நாகம்மை வாயைத் திறப்பதற்குள் செல்லக்கனி உரக்கச் சொன்னாள்: “பகவதியப்பன். உத்திரட்டாதி.”

பந்தல் முழுக்கத் திரும்பியது. வாத்தியாரின் குடை கீழே விழுந்தது. ஒருவர் அவர் கையைப் பிடித்து, “எப்ப வேய் வாங்கினீரு? சொல்லவே இல்லை!” என்று குலுக்க ஆரம்பித்தார்.

“ஐயோ, எங்களுக்கு ஏது காரு?” என்று மாப்பிள்ளையின் தாயார் பதறினாள். “ஏட்டி, என்ன சொல்லிப்போட்ட?”

“எங்களுக்கும் இப்படித்தான் அத்தை வந்துது காரு,” என்றாள் செல்லக்கனி. “எங்க வீட்டுலயும் கிணத்துத் தண்ணிதான். நான்தான் கோருகேன்.”

அந்தம்மா காரைப் பார்த்தாள், நாகம்மையைப் பார்த்தாள். நாகம்மை முதல் தடவையாகத் தரையைப் பார்த்தாள். அப்புறம் அந்தம்மாவுக்கு வந்த சிரிப்பு இருக்கிறதே, காரின் பானட்டைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது.

“நாலு பேரு முன்னால எனக்க மகன் பேரைச் சொல்லிட்டியே மக்கா! கெட்டினவளே சொல்ல மாட்டா. இனி உன்னை வேற எவன் கெட்டுவான்? எங்க வீட்டுக்குத்தான் வந்தாகணும்.”

அதற்குள் போற்றியைச் சுற்றிக் கூட்டம். கார் எல்லோருக்கும் பொது என்று தெரிந்த பிறகு யார் விடுவார்கள்? கேட்டை, பூரம், திருவாதிரை என்று நட்சத்திரங்கள் கொட்டின. சூடம் தீர்ந்து, தேவகுமார் கடைக்கு ஓடினான். நான் எங்கள் வீட்டு எல்லோர் பேரையும் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தேன்.

ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போனார்கள். வாத்தியாருக்குக் குலசேகரத்துக்கு மாற்றலாகி இருவரும் அங்கே குடிபோய்விட்டார்கள். செல்லக்கனி இன்றுவரை அவரை “இவிய” என்றுதான் சொல்கிறாளாம், பேரை மறுபடி சொன்னதில்லை. தேவகுமார் மார்த்தாண்டத்தில் ரீத்தா என்ற நர்சைக் கட்டிக்கொண்டான். போற்றியைக் கம்பெனிக்காரர்கள் விடவில்லை. அடுத்த கண்காட்சிக்குக் கூட்டமாவது சேருமே என்று அவரைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கேயே வீடு பார்த்துக் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டாராம்.