மதினி விரல் நீட்டிய பூசணி

ஜெயசித்ராவின் மொட்டை மாடியில் அந்தப் பங்குனி மாதம் ஒரு பூசணிக்காய் காய்த்திருந்தது. ஒன்றே ஒன்று. ஒரு பூசணிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்பவர்கள் தாராளமாகக் கேட்கலாம். ராஜேஸ்வரி மதினியிடம் கைராசி இல்லாதவள் என்று பெயர் வாங்கி, அந்தப் பெயரோடு காலம் தள்ளிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ராஜேஸ்வரி, ஜெயசித்ராவின் புருஷன் காசிக்கு அக்காள். மேலநீலிதநல்லூரில் வாழ்க்கைப்பட்டுப் பேரன் பேத்தி எடுத்த பிறகும் சங்கரன்கோவிலில் இருக்கும் பிறந்த வீட்டின் சகுனம், ராசி, திருஷ்டி எல்லாவற்றையும் தன் கையிலேயே வைத்திருந்தாள். ஜெயசித்ரா கல்யாணமாகி வந்த புதிதில் வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கைக் கொம்பை ஊன்றினாள். அது பட்டுப்போனது. ஒடித்துத் தெருவில் எறிந்தாலும் துளிர்க்கிற மரம் முருங்கை. அதுவே பட்டுப்போனால் மதினி சும்மா இருப்பாளா?

“இவ கைக்கு முருங்கையே வரலையே, வேற என்ன வரப் போவுது?” என்றாள். அதோடு தீர்ந்தது. பிறகு வீட்டில் எந்த நல்ல காரியம் வந்தாலும், முளைப்பாரிக்கு விதை தெளிப்பதானாலும் பந்தக்கால் ஊன்றுவதானாலும், சரியாக அந்த நேரம் பார்த்து ஜெயசித்ராவுக்கு அடுக்களையில் ஒரு வேலை முளைக்கும்.

“சித்ரா, நீ போயி காப்பியப் பாருட்டி.”

அவளும் பார்த்தாள். ஊர்ப்பட்ட காப்பியைப் பார்த்துவிட்டாள். ஆனால் வருகிற வைகாசியில் மகள் அபிஷாவுக்குக் கல்யாணம். பெற்ற மகளின் பந்தக்காலில் முதல் கை வைக்காமல் அன்றைக்கும் காப்பிச் சட்டியின் முன்னால் நிற்க வேண்டுமா? வாயால் கேட்டால் சண்டையில் முடியும். கையால் காட்டிவிடுவோம் என்று மார்கழியிலேயே மாடியில் தோட்டம் போட்டாள். பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு சாஸ்தா கோவிலுக்குப் போவார்கள் அல்லவா, அங்கே பொங்கலுக்கு வைக்கிற கறி தன் மாடியில் காய்த்த பூசணியில்தான் என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லியும் வைத்தாள்.

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. பயத்திலேயே அவள் அரைத் தோட்டக்காரி ஆகிவிட்டாள். ஓட்டை வாளி, கைப்பிடி போன குடம், மீன் வருகிற தெர்மாகோல் பெட்டி, எதைக் கண்டாலும் மண்ணை நிரப்பினாள். வெண்டையும் தக்காளியும் போட்டி போட்டுக்கொண்டு வந்தன. பூசணிக்கொடி மட்டும் மாடி முழுக்கத் தன் வீடு மாதிரி நடந்து திரிந்தது. தண்ணீர்த் தொட்டியில் ஏறியது, துணி காயப்போடும் கம்பியைப் பிடித்தது, அடுத்த வீட்டு ஆன்டெனாவைக்கூட விசாரிக்கப் போனது. மஞ்சள் மஞ்சளாய்ப் பூ. காய்தான் இல்லை. தெரு முனையில் வேம்பு பூத்துக் குலுங்கியதில் தேனீக்கள் எல்லாம் அங்கே போய்விட்டன, இவள் மாடியை எட்டிப் பார்க்க ஆளில்லை.

அபிஷா போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். அதில் சொன்னபடி ஜெயசித்ரா விடியற்காலையில் ஆண் பூவைப் பறித்து, பெண் பூவோடு தொட்டுத் தொட்டு எடுத்தாள். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிற காசி, காப்பி டம்ளரோடு பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்.

“மக கல்யாணத்துக்கு முன்னால பூவுக்குக் கல்யாணமா? சீர் செனத்தி உண்டா?”

“நீங்க மொதல்ல பல்லக் கட்டிட்டு வந்து பேசுங்க.”

காசி மேல்பல் செட்டை மாட்டாமலே மாடிக்கு வந்திருந்தார். அவருக்கு அதை மறப்பதுதான் வழக்கம்.

கல்யாணம் பலித்தது. முதலில் வந்த பிஞ்சுகள் அழுகி உதிர்ந்தாலும் ஒன்று நிலைத்தது. எலுமிச்சை அளவு, மாதுளை அளவு, தேங்காய் அளவு. ஜெயசித்ராவுக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்கு ஓடுவாள், பால் பொங்கிக் கீழே ஓடும். யார் வந்தாலும் மாடிக்கு இழுத்துப் போவாள். ஆனால் காட்டும்போது விரலை மடக்கி, முட்டியால்தான் காட்டுவாள். பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடும். இதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் ராஜேஸ்வரி மதினிதான்.

அந்த மதினி மாசிக் கடைசியில் கல்யாணப் புடவை எடுக்க வந்தாள். மாடியைப் பார்த்ததும் வாயைப் பிளந்தாள்.

“ஏ யாத்தீ! இம்புட்டுப் பெருசா!” என்று விரலை நீட்டிவிட்டாள்.

ஆட்காட்டி விரல், அதுவும் நேராக. அபிஷா வாயைப் பொத்திக்கொண்டாள். மதினியோ தன் விரலைத் தானே பார்த்து, ஏதோ பாம்பைப் பிடித்துவிட்டவள் போலக் கையை உதறினாள்.

“கடிங்க அத்தை, விரலக் கடிங்க” என்று அபிஷா கத்தினாள். சின்னப் பிள்ளைகள் தெரியாமல் நீட்டினால் அதுதான் பரிகாரம். மதினியும் நறுக்கென்று கடித்தாள். கடித்த கடியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அன்று முதல் பூசணிக்கு இரண்டு தாய்கள். மதினி ஊருக்குப் போனாள், ஆனால் தினமும் காலையில் போன் வரும். “இருக்கா?” என்பாள். எடுத்தவுடன் அந்த ஒரு வார்த்தைதான். “இருக்கு மதினி” என்றால் “சாஸ்தாவே” என்று வைத்துவிடுவாள். பூசணி அழுகினால் பழி ஜெயசித்ராவின் கைராசி மேலா, தன் விரல் மேலா என்ற கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை. ஜெயசித்ராவுக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம். கொஞ்சம் என்ன, நிறையவே. ஒரு நாள் வேண்டுமென்றே போனை எடுக்காமல் மூன்றாம் முறை அடித்த பிறகு எடுத்தாள்.

பூசணி யாருடைய கடிக்கும் கவலைக்கும் காத்திருக்கவில்லை. பருத்தது, வரி போட்டது, தோல் பழுப்பேறி நின்றது. உத்திரத்துக்கு முதல் நாள் காசி பல்லை மாட்டிக்கொண்டு முறையாக வந்து காம்பை அறுத்தார். மதினியும் அன்றே வந்துவிட்டாள்.

“நாளைக்கு வேனுல ஏத்துத வரைக்கும் ஒரு கண்ணு படக் கூடாது” என்று, அவளே அதைத் தூக்கிக்கொண்டு போய் அரிசி டிரம்முக்குள் இறக்கி, மேலே அரிசியைத் தள்ளி மூடினாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் தாஹாவின் வேன் வாசலில் நின்றது. வருஷா வருஷம் அவன் வண்டிதான். பித்தளைப் பானை, விறகு, தேங்காய், வாழை இலை, பாய் எல்லாம் ஏறின. “நல்ல நேரம் போவுது, ஏறுங்க ஏறுங்க” என்று மதினி விரட்டிய விரட்டில் காசி வேட்டியைக் கட்டிக்கொண்டே ஏறினார். வழியெல்லாம் உத்திரத்துக்குப் போகிற வண்டிகள். ஒவ்வொன்றிலும் பானையும் பிள்ளைகளுமாய்ப் பிதுங்கிக்கொண்டு ஜனம். மேற்கே மலை நீலமாய் எழும்பி நின்றது. காற்றில் மாம்பூ வாசம். ஜெயசித்ராவுக்குப் பாடத் தோன்றியது. பாடவும் செய்தாள், யாரும் தடுக்கவில்லை.

புளியங்குடியில் எலுமிச்சம்பழம் வாங்க வண்டியை நிறுத்தினார்கள். கூடையில் பழங்களைப் போட்டுக்கொண்டே மதினி கேட்டாள், “சித்ரா, பூசணி எந்தப் பைல இருக்கு?”

“நீங்கதான எடுத்து வச்சீங்க மதினி?”

“நான் டிரம்ல வச்சேன். வேனுல நீ ஏத்தலையா?”

ஒரு கண்ணும் படாமல் ஒளித்த பொருள் எடுத்து வைக்க வேண்டியவர்கள் கண்ணிலும் படவில்லை.

“அதுக்கென்ன, இங்கன மார்க்கெட்டுல பூசணி கெடக்கே, ஒண்ணு வாங்கிருவோம்” என்றார் காசி. நல்ல மனுஷர்தான், எந்த நேரத்தில் எதைச் சொல்வது என்பது மட்டும் தெரியாது.

ஜெயசித்ரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழக் கூடாது என்று நினைத்தாள், அழுகை வந்தது. சாஸ்தா கோவிலுக்குக் கிளம்பிய வண்டியைத் திருப்பக் கூடாது. அதுவும் மதினியின் சட்டம். போன வருஷம் காசி பல் செட்டை வீட்டில் விட்டுவிட்டு வந்தபோதே திருப்பவில்லை, பாவம் மனுஷர் வடையைப் பாயசத்தில் ஊறவைத்துச் சாப்பிட்டார். பல்லுக்கே திரும்பாத வண்டி பூசணிக்கா திரும்பும்? இனி வைகாசியில் காப்பிதான் என்று முடிவே கட்டிவிட்டாள்.

“போவோம் மதினி, நேரமாச்சு” என்றாள்.

மதினி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் ஆட்காட்டி விரலைப் பார்த்தாள்.

“ஏலே தாஹா, வண்டியத் திருப்பு.”

தாஹாவுக்குத் தன் காதை நம்ப முடியவில்லை. “யக்கா, நீங்கதான திருப்பக் கூடாதுன்னு...”

“நாந்தாம்ல சொன்னேன், நானே சொல்லுதேன், திருப்பு. அந்த சாஸ்தா கேட்டா நாம் பதில் சொல்லிக்கிடுதேன்.”

காசிக்கு ரோஷம் வந்துவிட்டது. “அப்ப என் பல்லுக்கு ஏங்க்கா திருப்பல?”

“பல்லு கடைல கிடைக்கும்லே. இது கிடைக்குமா?”

வேனே சிரிப்பில் குலுங்கியது. தாஹா சிரித்த சிரிப்பில் வண்டியைத் திருப்ப இரண்டு தடவை பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. ஜெயசித்ரா அழுதுகொண்டே சிரித்தாள், எது எதற்கு என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எதிரே வந்த சாஸ்தா கோவில் வண்டிகளில் எல்லாம் “எங்க திரும்பிப் போறீக?” என்று கேட்டார்கள். “பூசணி எடுக்கப் போறோம்!” என்று அபிஷா ஜன்னல் வழியே கத்தினாள்.

வீட்டுக்குப் போய் மதினியே டிரம்முக்குள் கையை விட்டு எடுத்தாள். சேலையெல்லாம் அரிசி. வாசுதேவநல்லூரைத் தாண்டி மலையடிவாரம் போய்ச் சேரும் வரை அதை மடியை விட்டு இறக்கவில்லை. பள்ளத்தில் வண்டி ஏறி இறங்கினால் பூசணியை அணைத்துக்கொண்டு தாஹாவை ஏசினாள்.

மற்ற குடும்பங்கள் பொங்கல் வைத்து, சாப்பிட்டு, மர நிழலில் குறட்டைக்குப் போயிருந்த நேரத்தில் இவர்கள் பானை பொங்கியது. இவர்கள் போட்ட குலவையில் தூங்கியவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். அடுத்தது பூசணி. முழுப் பூசணியைப் பெண்கள் வெட்டக் கூடாது என்பதால் அரிவாள் காசியின் கைக்கு வந்தது.

“இருலே!” என்றாள் மதினி. கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். ஆட்காட்டி விரலை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். “ம்ம், வெட்டு.”

உள்ளே அழுகியிருந்தால்? ஜெயசித்ராவும் கண்ணை மூடிக்கொண்டாள்.

அரிவாள் இறங்குகிற சத்தம் கேட்டது. பிறகு அபிஷா, “அம்மா, பாரும்மா!” என்றாள். மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள். இரண்டு பாதியும் தங்கமாய் இருந்தது. ஒரு சொத்தை இல்லை.

கறி கொதித்த வாசத்துக்கே பக்கத்துக் குடும்பங்கள் கிண்ணத்தோடு வந்துவிட்டன. ஜெயசித்ரா கரண்டியைக் கீழே வைக்காமல் பரிமாறினாள். யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், “எங்க மாடியில காய்ச்சது” என்றாள்.

பாத்திரம் கழுவும் நேரத்தில் மதினி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பூசணி விதைகளை அலசி, முந்தானையில் கொட்டி முடிந்துகொண்டிருந்தாள்.

“பந்தக்கால் குழியில நவதானியம் போடுவோம்லா, அதோட இதுல நாலு வெதயும் போடணும்” என்றாள்.

“போடலாம் மதினி.”

“யாரு போடன்னு கேக்க மாட்டியா?”

ஜெயசித்ரா கையிலிருந்த தட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அது ஏற்கெனவே பளபளவென்று இருந்தது.

“நீதாம்ட்டி போடணும். கால்லயும் மொதக் கை உன்னுதுதான். பச்சக் கம்பு வேற, கல்யாணத்துக்குள்ள தளுத்துக் கொப்பு விட்டா எங்கிட்ட வந்து நிக்காத.”

ஜெயசித்ரா தட்டைக் கவிழ்த்து வைத்தாள். அவள் கேட்டது ஒன்றுதான்.

“அப்ப காப்பிய யாரு மதினி பாக்க?”

ராஜேஸ்வரி முடிச்சை இன்னும் ஒருமுறை இறுக்கிவிட்டு எழுந்தாள்.

“நாம் பாத்துக்கிடுதேன், போ.”