வெறுங்காலில் எடுத்த அளவு

என் சகலைக்கு மீன் பண்ணையில் வேலை வாங்கிக் கொடுத்தவன் நான். அக்காவை அவன் கட்டினான், தங்கையை நான் கட்டினேன். அந்த உறவை விட ஒரே லாரியில் மூட்டை ஏற்றி இறக்கிய உறவு எங்களுக்குப் பெரிது. நான் முன்பே நழுவிப் பண்ணையில் மெக்கானிக் ஆகிவிட்டேன். அவன் இருபத்திரண்டு வருடம் தூக்கினான். ஒருநாள் முதுகு இனி முடியாது என்று படுத்துவிட்டது.

ஏரிக்குள் எட்டு மிதவைக் கூண்டுகளில் மீன் வளர்க்கிறார்கள். காலையும் மாலையும் தீவனம் போட வேண்டும். என்ஜின் படகு போனால் மீன் மிரளும் என்று பெடல் படகுதான் வைத்திருந்தார்கள். ஒரு ஆள் படகு. சாய்ந்து உட்கார்ந்து சைக்கிள் மாதிரி மிதித்தால் போகும்.

"உக்காந்துக்கிட்டே வேலையா? இந்த ஒடம்பு உக்காந்து சம்பாதிச்சதே இல்லியே சகல," என்றான்.

"இப்ப உக்காரு. கால்தான் சும்மா இருக்காது."

"நம்மகிட்ட மிச்சம் இருக்கறதே கால்தான். அதையும் எடுத்துக்கச் சொல்லு."

படகைக் கரையில் மரக்கட்டைமேல் ஏற்றி வைத்து அவனுக்கு அளவு எடுத்தேன். சீட்டு ஒரு தண்டில் முன்னும் பின்னும் நகரும். தண்டில் பதினொரு துளைகள். வேண்டிய துளையில் இரும்பு ஊசியைச் செருகினால் சீட்டு நிற்கும். வெயிலுக்குச் சட்டையைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்தான். மிதித்துக் காலை நீட்டும்போது முட்டி லேசாக மடங்கியிருக்க வேண்டும். சீட்டு தூரம் போனால் எட்டி எட்டி மிதித்து இடுப்பு போகும், கிட்டே வந்தால் முட்டி போகும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஆறாவது துளையில் வைத்தேன். எவனும் கை வைக்கக் கூடாதென்று ஊசிக்கு நட்டும் போட்டு இறுக்கினேன்.

மூன்றாம் மாதம் என் மனைவி சொன்னாள்: "மாமா படியில பக்கவாட்டுல எறங்குறாரு, பாத்தீங்களா?"

பார்த்திருந்தேன். புது வேலை, கால் பழக வேண்டும் என்று நினைத்துப் பெடலுக்குக் கிரீஸ் வைத்தேன்.

ஒருநாள் அவனே பட்டறைக்கு வந்தான். "சகல, சீட்டைக் கொஞ்சம் பின்னால தள்ளிப் பாக்கலாமா?"

கையில் வேறு வேலை இருந்தது. "அளந்து வச்சதுய்யா அது. ஒன் முட்டிக்குத்தான் வயசாச்சு, சீட்டுக்கு ஆகல."

சிரித்தான். பிறகு கேட்கவே இல்லை. அடுத்த ஐந்து மாதமும் மிதித்தான்.

ஒரு காலையில் முட்டி வீங்கி, பேன்ட்டுக்குள் கால் நுழையவில்லை என்று ஆள் வரவில்லை. மீனுக்கு லீவு கிடையாது. சூப்பர்வைசர் என்னைப் போகச் சொன்னார். அவனும் நானும் ஒரே அளவு. அவனுடைய லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, அவனுடைய ரப்பர் கம்பூட்ஸைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

பண்ணைக்கு வந்த எட்டு வருடத்தில் நான் அந்தப் படகில் ஏரிக்குள் போனது அன்றுதான். இரண்டாவது கூண்டு தாண்டியதும் முட்டிச் சில்லுக்குக் கீழே சுருக்கென்றது. நாலாவது கூண்டு வருவதற்குள் ஊசி ஏற்றுவது மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொரு மிதிக்கும் முட்டி வயிற்றை நோக்கி வந்தது. குனிந்து பார்த்தேன். பூட்ஸின் அடி இரண்டு விரல் தடிமன். முதுகுக்குப் பின்னால் கையை விட்டேன். ஜாக்கெட்டின் ஸ்பாஞ்ச் என்னை நாலு விரல் முன்னால் தள்ளி உட்கார வைத்திருந்தது. கரையில் வெறும் முதுகுக்கும் வெறுங்காலுக்கும் அளவு எடுத்திருக்கிறேன். தண்ணீரில் எவன் வெறுங்காலோடு போகிறான்?

மீன்கள் தீவனத்துக்குத் துள்ளிக்கொண்டிருந்தன. மிச்சக் கூண்டுகளுக்கும் போட்டுவிட்டுப் படகைத் திருப்பினேன்.

கரைக்கு வந்து நட்டைக் கழற்றி, சீட்டைப் பின்னால் தள்ளி ஒன்பதாவது துளைக்கு மாற்றினேன். நேரே அவன் வீட்டுக்குப் போனேன். டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து ஸ்டூலில் காலை நீட்டி வைத்திருந்தான்.

"சில்லுக்குப் பின்னாடி தேஞ்சிருச்சாம்," என்றான். "இனி மடக்கி நீட்டுற வேலையே கூடாதுங்கறாரு."

"சீட்டு கிட்ட இருந்துச்சு சகல. நான்தான் தப்பா வச்சிட்டேன்."

"எத்தன தொள?"

"மூணு."

விரலால் காற்றில் மூன்று துளையை அளந்து பார்த்தான். "இவ்வளவுதானா."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "மறுபடி ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"ஒருக்கா கேட்டேனே." காலைத் தடவிக்கொண்டான். "நீ கை வச்சா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

சமையல்கட்டில் அவன் மனைவி பாத்திரத்தை டங்கென்று வைத்தாள். காபி கேட்காமல் எழுந்து வந்தேன்.

வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்து, பூட்ஸையும் ஜாக்கெட்டையும் ஒப்படைக்க அடுத்த வாரம் பண்ணைக்கு வந்தான். படகையே பார்த்துக்கொண்டு நின்றவன், "மாத்திட்டல்ல? ஒரு தடவ போயிட்டு வரேன்," என்றான்.

"டாக்டர் வேண்டாம்னாருல்ல?"

"டாக்டரா என் படகத் தள்ளுறாரு? மொதக் கூண்டு வரைக்கும்தான்."

போனான். பூட்ஸும் ஜாக்கெட்டும் மாட்டிக்கொண்டு மெதுவாகத்தான் போனான். நான் தண்ணீருக்குள் முட்டி நனைய நின்றுகொண்டிருந்தேன். திரும்பி வந்ததும் கேட்டேன்: "வலிச்சுதா?"

"வலி இருக்கு. ஆனா மிதிக்கச் சொகமா இருக்கு சகல." பெடலைப் பார்த்தபடியே சொன்னான். "இந்த வேலை இவ்வளவு லேசா?"

இடது காலை இரண்டு கையாலும் தூக்கிப் படகுக்கு வெளியே வைத்தான். தோளைக் கொடுத்தேன். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்தான்.

மறுநாள் பேக்கிங் பிரிவிலிருந்த ஒரு அம்மாவை அந்தப் படகுக்குப் போட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறப் போனார்.

"பூட்ஸப் போடுங்க. ஜாக்கெட்டும்."

"கரையிலயா? தரையில முங்கிருவேன்னு பயமாண்ணே?"

"போடுங்கம்மா."

சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டார். ஏழாவது துளை சரியாக வந்தது. ஊசியை மட்டும் செருகி, அதை இழுத்து மாற்றுவது எப்படி என்று மூன்று முறை காட்டினேன். நட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.