குட்ரூன் வயல்ல நின்ன மேகம்

எல்லாரும் சௌக்கியம்தானே? முட்டிவலி, சளி எல்லாம் தேவலையா? சரி, கேளுங்க. அமெரிக்காவுல, வடக்கு டகோட்டாவுல, குட்ரூன்கற விவசாயியம்மாவோட கோதுமை வயல்ல ஒரு மேகம் எறங்கி, ஏவுகணைக் குழிக்கு நேர் மேல நின்னுடுச்சு. காத்தடிச்சாலும் நகரல, வெயிலடிச்சாலும் கரையல. மத்தபடி அந்த வருஷம் நல்ல வெளைச்சல்.

அவ கல்யாணமாகி வந்த வருஷம் பட்டாளத்துக்காரங்க வயலுக்கு நட்ட நடுவுல குழி தோண்டி, அணுகுண்டு வெச்ச ஏவுகணையை உள்ள நிறுத்தி, வேலி போட்டுட்டுப் போனாங்க. அவ புருஷன் ட்ராக்டரை அதைச் சுத்திச் சுத்தியே ஓட்டி, நேரா ஒரு உழவு சால் ஓட்டாமலே போய்ச் சேர்ந்தான். இப்ப அவளுக்கு இருந்த ஒரே ஆசை, இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிக்கு ஒரு நேர் சால். அதுவும் இடுப்பு ட்ராக்டர் ஏற விடாம போறதுக்குள்ள.

அப்புறம் அமெரிக்காவும் ரஷ்யாவும் குண்டைக் குறைக்கலாம்னு ஒப்பந்தம் போட்டுச்சு. ஏவுகணையைத் தூக்கிட்டுப் போய், குழியை வெடி வெச்சு ஒடைச்சாங்க. ஆனா மூடக் கூடாதாம்! ரஷ்யாக்காரங்க செயற்கைக்கோள் மேலேருந்து பாத்து, காலின்னு ஒத்துக்கற வரைக்கும் தெறந்தே கெடக்கணுமாம். அப்பதான் அந்தப் பாழாப்போன மேகம் வந்து மறைச்சுது.

ரஷ்யாவிலேருந்து ஸ்தெபூரின்னு ஒரு அதிகாரி நேர்லயே வந்து எட்டிப் பாத்தார். "காலிதாம்மா. ஒரு தவளை மட்டும் இருக்கு."

"அப்ப மூடித் தொலைங்களேன்!"

"நான் பாத்தா செல்லாதும்மா. வானத்துலேருந்து பாக்கணும்."

அமெரிக்கப் பட்டாளத்து மேஜர் விட்லாக்குக்கோ ஒரே சந்தோஷம். "இருக்கட்டும் மேடம். குண்டும் கொறைஞ்சுது. உள்ள இருக்கா இல்லையான்னு அவங்களுக்குப் பயமும் போகல. இதைவிட என்ன வேணும்?"

"என் சாலு?"

"சுத்தி ஓட்டுங்க. பழக்கம்தானே."

இப்படியே வருஷம் ஓடுச்சு. அறுப்பு முடிஞ்சா ரெண்டு பேரும் வருவாங்க, மேகத்தை டேப் வெச்சு அளப்பாங்க, அவ சுட்ட உருளைக்கிழங்கு ரொட்டியில சர்க்கரை தூவித் தின்னுட்டு, காபியும் குடிச்சிட்டுப் போவாங்க. குழி அப்படியே கெடக்கும்.

ஒரு நாள் ஆத்திரம் தாங்காம குட்ரூன் மாட்டுத் தீவன வாளியைக் குலுக்கி, "வந்து தொலை, சனியனே!"ன்னு கத்தினா. மேகம் மாடு மாதிரி பின்னாலயே வந்துது. நேரா பக்கத்து வயல்ல, ஏவுகணை இன்னும் உள்ள இருக்கற குழி மேல கொண்டுபோய் நிறுத்தினா. மறுநாள் அதுக்கடுத்த வயல். எந்தக் குழியிலேருந்து அமெரிக்காக்காரன் எதை எடுக்கறான், எதை வெக்கறான்னு மேலேருந்து ஒண்ணும் தெரியல. ரெண்டு தலைநகரத்துலயும் தூக்கம் போச்சு.

விட்லாக் தொப்பிகூடப் போடாம ஓடி வந்தார், ஸ்தெபூரினும் கூடவே. "மேடம், என்ன பண்றீங்க?"

"மேய்க்கறேன் தம்பி."

மேகம் விலகின குட்ரூன் குழியைச் செயற்கைக்கோள் பாத்து காலின்னு ஒத்துக்க, அந்த வாரமே மூடினாங்க. பதிலுக்கு மேகத்தைக் குடுத்துடணும்னாங்க.

"பாதி தரேன்."

"மீதி எதுக்கு மேடம்?"

"நீங்க மறுபடி தோண்டாம இருக்கத்தான்."

ரெண்டு பேரும் சரின்னு தலையாட்டினாங்க. ஆட்டு மயிர் கத்தரிக்கற கத்தரியால அவ மேகத்தைச் சரிபாதியா வெட்டினா. அவங்க பங்கைத் தார்ப்பாய் போட்டு லாரியில கொண்டுபோனாங்க, வழியெல்லாம் மழை. அவ ட்ராக்டர்ல ஏறி, கோடிக்குக் கோடி ஒரே சால் ஓட்டினா. கொஞ்சம்கூடக் கோணல.

மீதி மேகம் கொட்டகையில வைக்கோல் மேல கெடக்கு. இப்பவும் வருஷா வருஷம் வந்து அளந்துட்டு, காபி குடிச்சிட்டுப் போறாங்க. வாளியை எங்க வெச்சிருக்கான்னு மட்டும் அவ யாருக்கும் காட்டறதில்ல.

உங்க வயல்லயும் எதாவது வந்து நின்னுதா? எப்படி நகத்தினீங்கன்னு எனக்கு எழுதுங்க.