நடுவில் ஒரு பள்ளம்

விண்மீன் மண்டலங்கள் நூற்றுக்கணக்கில் கொத்தாகக் கூடியிருக்கும் இடங்களில், நடுவிலிருக்கும் ஒன்று பல சமயம் ரேடியோ அலைகளில் ஊரைக் கூட்டும். அதன் கூச்சலைக் கழித்தால்தான் சுற்றிலும் பரவிக் கிடக்கும் மெல்லிய ஒளிர்வு படத்தில் தெரியும். கழிப்பது அவன் வேலை. ஆய்வகத்தில் அவனுக்கு ‘ரப்பர்’ என்று பெயர்.

சேர்ந்ததிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு அவனை யாரும் கூப்பிட்டதில்லை. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அவன் அறை அப்படியொரு மூலையில் இருந்தது.

இன்று கூப்பிட்டார்கள். அவன் கழித்துக் கொடுத்த படத்தில், ஒளிர்வின் நடுவே கருப்பாக ஒரு பள்ளம். நடு மண்டலம் சுற்றியிருந்ததையெல்லாம் ஊதித் தள்ளிவிட்டதென்று குழுவே குதித்தது. மாலையில் கட்டுரை அனுப்புவதாக ஏற்பாடு.

“வாடா ரப்பர், என் பக்கத்துல உட்காரு,” என்றார் குழுத்தலைவி. எல்லாருக்கும் அவர் அக்கா.

“இவ்ளோ நாள் எங்கப்பா ஒளிஞ்சிருந்த?” என்றார் தொலைநோக்கியை இயக்குபவர். “நாளையிலேருந்து தெனமும் இங்கதான். வரலன்னா தூக்கிட்டு வந்துருவோம்.”

அவன் வாய் கொள்ளாமல் சிரித்தான்.

“ஆனா ஒண்ணு,” என்று அவரே தொடர்ந்தார். “அந்த நடு மண்டலம் முந்தி என்னா கத்து கத்தும்! இப்ப பாதியா அடங்கிப்போச்சு.”

எடுத்த கவளத்தை அவன் தட்டிலேயே வைத்தான். அவன் கழித்தது அந்தக் கத்தலின் பழைய அளவை. வாயை மூடிக்கொண்டிருந்தால் நாளையும் இந்த நாற்காலி உண்டு.

“அக்கா… இல்லாத சத்தத்தையும் சேர்த்துக் கழிச்சிட்டேன். அந்தப் பள்ளம் நான் தோண்டினது.”

“என்னடா சொல்ற?”

“பார்த்துட்டு வந்துடறேன்.”

மூலை அறையில் புதிய அளவைப் போட்டான். பள்ளம் தூர்ந்துபோனது. தான் சொன்னதுதான் தவறாக இருக்கக்கூடாதா என்ற நப்பாசையில் மறுபடியும் செய்து பார்த்தான். அப்போதும் பள்ளம் இல்லை.

திரும்பியபோது மேசையைத் துடைத்திருந்தார்கள். அக்கா மட்டும் கை கழுவிக்கொண்டிருந்தார்.

“பள்ளம் இல்லக்கா. நீங்க யாரும் கோவிச்சுக்கல இல்ல?”

“சீச்சீ. அனுப்புறதுக்கு முன்னாடி சொன்னியே, பொழைச்சோம். எல்லாருக்கும் மூஞ்சி தொங்கிப்போச்சு, அவ்ளோதான்.”

நாளைக்கு வரலாமா என்ற கேள்வி அவன் நாக்கு நுனியில் நின்றது. அதற்குள் அக்காவின் போன் அடித்தது. “இல்லப்பா, அங்க ஒண்ணும் இல்ல” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே அவர் படியிறங்கிப் போனார்.