சின்னப்பாவின் ரத்தமும் முனிரத்தினத்தின் காலும்

முனிரத்தினம் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் முட்டுமரம் கட்டுகிறவன். பூமிக்கடியில் எந்த லெவலிலும் அவன் பயந்ததில்லை. பயமெல்லாம் மேலே, ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு கண்ணாடிக் குழாயிடம்தான்.

காலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் அவனுக்கு அடைத்துக்கொண்டிருந்தன. நூறு அடி நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். ரத்தம் சீக்கிரம் உறையாமலிருக்க டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். பீடியை விடாவிட்டால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொல்லியிருந்தார். வாரம் ஒருமுறை ரத்தத்தைக் குழாயில் விட்டு, சாய்த்துச் சாய்த்து, உறைய எத்தனை நிமிஷமாகிறது என்று பார்ப்பார்கள்.

மாத்திரையை அவன் ஒருநாளும் தவறவிட்டதில்லை. பீடியையும்தான்.

குழாய் பீடியைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான். ஷிப்டுக்கு வர முடியாதவனின் வருகை டோக்கனைக் கூட்டாளி மாட்டிவிடுவது அவர்களுக்குள் பழக்கம். ரத்தத்துக்கும் அதே ஏற்பாடு செய்தான். பீடியே தொடாத கூட்டாளி சின்னப்பா அவனுடைய ஆஸ்பத்திரிச் சீட்டோடு போனான். ரத்தம் எடுக்கும் ஐடா சிஸ்டர் வேலைக்குப் புதிது. யார் முகமும் தெரியாது. சின்னப்பா மாத்திரையையும் தொடாதவன் என்பதை இந்த இரண்டு புத்திசாலிகளும் யோசிக்கவில்லை.

மதியம் ஆஸ்பத்திரி ஆள் முனிரத்தினத்தின் வீட்டு வாசலில் நின்றான்.

“முனிரத்தினத்த பெட்ல சேத்துட்டாங்கம்மா. ரத்தம் ஒடனே ஒறஞ்சிடுச்சாம், மாத்திரையே முழுங்கலியாம். தட்டும் டம்ளரும் எடுத்துனு வாங்க.”

பாப்பம்மா, எதிரே களி தின்றுகொண்டிருந்த புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். தட்டையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது முகத்தைத் தொங்கப்போட்டிருந்தாள்.

“மூணு மணிக்கு காலு எடுக்கறாங்களாம்.”

“யார் காலு?”

“சீட்டுல உன் பேரு கீது. பெட்ல சின்னப்பா அண்ணன் கீறாரு. பெட்ல கீற கால தான எடுப்பாங்க?”

முனிரத்தினம் சட்டையை மாட்டினான். ஓடினான். நூறு அடியில் கெண்டைக்கால் பிடித்தது, நின்றான். மறுபடி ஓடினான், மறுபடி நின்றான். நின்ற இடத்திலெல்லாம் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. நாலாவது தடவை தன்மேலேயே ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பீடிக்கட்டைச் சாக்கடையில் விட்டெறிந்தான். தன்னால் ஒரு நல்ல கால் போகப்போகிறதே என்று அழுகை முட்டியது.

வார்டுக்குள் நுழைந்ததுமே அலறினான். “சிஸ்டர், பீடி குடிச்சவன் நான்தான்! எடுக்கறதுன்னா என் கால எடுங்க!”

வார்டே திரும்பிப் பார்த்தது. சின்னப்பா கட்டிலில் சம்மணம் போட்டு ரொட்டியைப் பாலில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். பின்னாலேயே ஆற அமர வந்து சேர்ந்த பாப்பம்மாவுக்கு ஐடா ஸ்டூலை நகர்த்திப் போட்டார். பிறகு முனிரத்தினத்தின் ரத்தத்தை எடுத்துக் குழாயைச் சாய்த்தார், இன்னொரு தடவை சாய்த்தார். ரத்தம் அவசரமே படவில்லை.

“மாத்திர நல்லா வேல செய்யுது. ஆனா இதுல பீடியெல்லாம் தெரியாது அண்ணே. அது நீங்களா சொன்னது. கால் எடுக்கறது அக்காவா சொன்னது.”

பாப்பம்மா கையை நீட்டினாள். “எங்க பீடிக்கட்டு?”

“சாக்கடைல போட்டுட்டேன்.”

“கூரைல சொருகி வச்சது?”

முனிரத்தினம் தன் இரண்டு காலையும் குனிந்து பார்த்துக்கொண்டான். “வீட்டுக்குப் போனதும் எடுத்துத் தரேன்,” என்றான்.