மூன்றரை கிகாஹெர்ட்ஸில் ஒரு பள்ளம்

நெட்டையனின் கட்டுரையை ஆய்விதழ் இரண்டே வரியில் திருப்பி அனுப்பியிருந்தது: இதே கருவி போன மாதமே வேறொருவர் பெயரில் வெளிவந்துவிட்டது, மேலும் சிறக்க வாழ்த்துகள். கூடவே ஒரு சுட்டி. அழுத்தினான். அந்த வேறொருவர், ஆய்வகத்தில் பக்கத்து மேசைப் பல்லழகன்.

கருவி தீப்பெட்டி அளவுதான். உள்ளே வரும் மைக்ரோவேவ் அலையைச் சரிபாதியாகப் பங்கு பிரிக்கும்; மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தால், ஒரு பங்கை மட்டும் நாம் சொல்லும் அளவுக்குத் தாமதமாக வெளியே விடும். இதற்காக நெட்டையன் நான்கு வருடமும் முன்மண்டை முடியும் கொடுத்திருந்தான். புதிதாக ஒன்றைச் செய்து காட்டினால்தான் பட்டம். இப்போது அது பழையது.

பல்லழகன் கட்டுரையின் நான்காவது படத்தைப் பெரிதாக்கினான். வழுவழுவென்று போகும் கோட்டில், மூன்றரை கிகாஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம். அவனுடைய பள்ளம். கருவியை முதலில் சோதித்த அன்று கேபிள் முனையைச் சரியாக முறுக்காமல் அளந்துவிட்டான். மறுநாள் முறுக்கியதும் பள்ளம் போய்விட்டது. ஆனால் முதல் நாள் அளவை, "தப்பு ஏதாவது இருக்கான்னு பாருடா" என்று பல்லழகனுக்குத்தான் அனுப்பியிருந்தான். பார்த்திருக்கிறான். அந்தப் பள்ளத்துக்குப் பதினோரு சமன்பாடுகள் எழுதி, கருவியின் அபூர்வ குணம் என்று நிறுவியிருக்கிறான்.

உள்ளே வந்த பல்லழகன் திரையைப் பார்த்தான். முதல் தடவையாகப் பல் தெரியவில்லை.

"மச்சான், கோச்சுக்காத. உன்னையும் விடல, கடைசிப் பக்கம் பாரு."

இருந்தது. கேபிள் தந்து உதவிய நண்பருக்கு நன்றி.

"ஏன்டா?"

"வேலைக்குப் போற இடத்துல ஒரு பேப்பராவது வேணும்னாங்க. உனக்கு மூளை இருக்கு மச்சான், இன்னொண்ணு செஞ்சுக்குவ."

அறையலாம்தான். நான்கு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவனை எந்தக் கையால் அறைவது என்று தெரியவில்லை. நெட்டையன் கருவியை அளவுமானியில் மாட்டி, ஸ்பேனரால் கேபிள் முனையைத் தளர்த்தினான். திரையில் பள்ளம் விழுந்தது. முறுக்கினான், மறைந்தது. மறுபடி தளர்த்தினான்.

"இந்தப் பள்ளம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு நாளைக்கு புரொபசர் முன்னாடி காட்டப் போறேன்."

பல்லழகன் வெளுத்துப்போனான். பிறகு மெல்லக் குனிந்து, மூக்கு முட்டும் தூரத்திலிருந்து அந்த முனையைப் பார்த்தான்.

"எவ்ளோ தளர்த்தின மச்சான்?"

"அரைச் சுத்து." பழக்க தோஷத்தில் நெட்டையனின் வாய் சொல்லிவிட்டது.

பல்லழகன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைப் பல்லால் கடித்துக்கொண்டு, உள்ளங்கையில் பன்னிரண்டாவது சமன்பாட்டை எழுத ஆரம்பித்தான்.